மாத்திரை வாங்கியாச்சு, காலைக் காட்டினீங்களா?

பட்டாளத்தில் நான் துப்பாக்கி பிடித்ததைவிட ஊசி பிடித்ததுதான் அதிகம். ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டன்ட். லக்னோவில் பயிற்சி, அப்புறம் எம்.ஐ. ரூம் (யூனிட்டுக்குள் இருக்கும் சின்ன மருத்துவ அறை), ஃபீல்ட் ஆம்புலன்ஸ், மிலிட்டரி ஆஸ்பத்திரி என்று நாடு முழுக்கச் சுற்றி, ஹவில்தாராக வெளியே வந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் கொஞ்சம் மாந்தோப்போடு உட்கார்ந்தவன். ஊரில் என்னை இன்னமும் ‘கம்பவுண்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரிட்டயர்டு ஆட்களுக்குள் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் போன் எனக்கு. டாக்டரிடம் போவதற்கு முன்னால் என்னைக் கேட்பார்கள், போய் வந்த பிறகும் என்னைக் கேட்பார்கள். நடுவில் டாக்டரிடம் மட்டும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

சர்க்கரை மாத்திரை தின்னாத முன்னாள் ராணுவத்தானை எங்கள் வட்டாரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். 71 போரில் இருந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஐ.பி.கே.எஃப். என்கிற அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனவர்கள் அறுபதுகளில் இருக்கிறார்கள். 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை, பெரியவர்களில் 100க்கு 11 பேர் என்று சொன்னது. அது இருபது வயதுப் பையனையும் சேர்த்த கணக்கு. எங்கள் வயசுக்காரர்கள் நிலைமையைத் தெரிந்துகொள்ள, முன்னாள் ராணுவத்தினருக்கான பாலிகிளினிக் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

நோய் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. என்னைக் குடைந்தது வேறு. 2003 ஏப்ரலில் ஈசிஎச்எஸ் என்கிற முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம் வந்தது. கார்டு இருந்தால் டாக்டருக்குக் காசில்லை, மாத்திரைக்குக் காசில்லை, ரத்தப் பரிசோதனைக்குக் காசில்லை, பெரிய ஆஸ்பத்திரி தேவையென்றால் ரெஃபரல் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். பக்கத்து வீட்டு விவசாயிக்குக் கிடைக்காத வசதி. இருந்தும் எங்கள் ஆட்கள் அதில் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தொடுவதே இல்லை.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார்கள். டோக்கன், கார்டு, பிரஷர், டாக்டர். டாக்டர் தலை நிமிர்ந்து “எப்படி இருக்கீங்க?” என்றால் “டீக் ஹை சாப்” என்று பாதி அட்டென்ஷனில் ஒரு பதில். அதோடு சரி. மருந்து கவுன்டரில்தான் உண்மையான விசாரணை நடக்கும். “மெட்பார்மின் வந்துச்சா? கிளிமிபிரைடு இருக்கா?” இருந்தால் முகம் மலரும். சீட்டில் ‘என்.ஏ.’ என்று எழுதிவிட்டால், அதாவது ஸ்டாக் இல்லையென்றால், அன்றைக்குப் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். அந்தக் கோபம் நியாயமானது, நானும் பட்டிருக்கிறேன். ஆனால் மாத்திரைப் பையை ஆட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறவரிடம் “ணா, வருஷத்துக்கு ஒருக்கா பாக்கச் சொன்ன டெஸ்ட் என்னாச்சு?” என்றால், “அதான் மாத்திரை வாங்கிட்டனேப்பா” என்பார்.

சர்க்கரைக்காரருக்கு வருஷத்தில் நடக்க வேண்டியது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஏ1சி என்கிற மூணு மாசச் சர்க்கரை, கட்டுக்குள் இருக்கிறவருக்கு வருஷத்தில் இரண்டு தடவையாவது. இல்லாதவருக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை. சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் உள்திரையைப் பார்ப்பது வருஷம் ஒரு தடவை. கால் ஒரு தடவை. சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு ஒரு தடவை. அப்புறம் ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி, பல். தடுப்பூசி என்றதும் “கொரோனாவுக்குப் போட்டாச்சே” என்பவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. எனக்குக் காலும் கண்ணும் கிட்னியும் முக்கியம்.

காலைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். பட்டாளத்தில் இருந்தவனுக்கு ஃபுட் இன்ஸ்பெக்ஷன் என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். ரூட் மார்ச் முடிந்து வந்ததும் டி.எம்.எஸ். பூட்டைக் கழற்றி, சாக்ஸை உருவி, வரிசையாகக் காலை நீட்டி உட்கார வேண்டும். பிளட்டூன் ஹவில்தார் ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்ப்பார். கொப்புளமா, விரலிடுக்கில் புண்ணா, நகம் உள்ளே வளர்கிறதா. நாங்கள் பின்னாலேயே டிங்க்சரும் பவுடரும் எடுத்துக்கொண்டு போவோம். காலாட்படைக்காரனுக்குக் கால் போனால் எல்லாம் போச்சு என்று இருபது வயதில் காலை அப்படிப் பார்த்துக்கொண்டவர்கள், எழுபது வயதில் டாக்டர் முன்னால் செருப்பைக் கழற்றக் கூச்சப்படுகிறார்கள். “டாக்டரம்மா சின்னப் பொண்ணுப்பா, அதுகிட்ட போய் காலை நீட்டறதா?”

எங்கள் பக்கத்தில் ஒரு ஏ.எஸ்.சி. (ராணுவ சப்ளைப் பிரிவு) டிரைவர். எனக்கு அண்ணன் முறை. தோப்பில் மருந்தடித்துவிட்டு வந்தவர் காலில் கருவேல முள் ஏறியிருக்கிறது. ஏறியது அவருக்குத் தெரியவில்லை. முள் குத்தினால் வலிக்க வேண்டும், வலித்தால்தானே பிடுங்குவான் மனுஷன். ராத்திரி அண்ணி பாயை விரிக்கும்போது நாற்றம் வருகிறதென்று பார்த்தால் கட்டைவிரலுக்கு அடியில் சீழ். கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள். அவர் மாத்திரையை ஒரு நாளும் விட்டவர் அல்ல. பாலிகிளினிக்குக்கு மாதம் தவறாமல் போனவர். அந்த வருஷங்களில் ஒருவராவது அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்திருந்தால் உணர்ச்சி செத்துப்போனது முன்னாலேயே தெரிந்திருக்கும்.

தொட்டுப் பார்ப்பதற்கு மெஷின் வேண்டாம். மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் இழை, மீன் பிடிக்கிற நரம்பு போல இருக்கும். பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளைகிற மாதிரி செய்திருப்பார்கள். கண்ணை மூடச் சொல்லிக் கட்டைவிரல், விரலடி மேடு என்று சில இடங்களில் தொட்டு “தெரியுதா?” என்று கேட்பது, அவ்வளவுதான். தெரியாத இடம் இருந்தால் அந்தக் கால் இனிமேல் தானாகக் காவல் காக்காது, நீங்கள்தான் தினமும் பார்க்க வேண்டும். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போடவேண்டும், வெறுங்காலோடு தோப்புக்கும் கோயிலுக்கும் நடக்கக் கூடாது. வருஷக்கணக்கில் மெட்பார்மின் சாப்பிட்டவருக்கு பி12 சத்து குறைந்தும் கால் மரத்துப் போகலாம். அதற்கு வைத்தியம் வேறு, அதையும் பார்த்தால்தானே தெரியும்.

ஏன் காட்ட மாட்டேன் என்கிறார்கள்? கூச்சம், சோம்பல், பஸ் கூட்டம் எல்லாம் உண்டு. ஆனால் பட்டாளத்துக்காரர்களுக்கு என்றே ஒரு காரணம் இருக்கிறது. வெளியே இருப்பவர்களுக்கு அது தெரியாது. உள்ளே இருந்தபோது வருஷா வருஷம் மெடிக்கல் நடக்கும். ஷேப்-1, அதாவது முழுத் தகுதி, என்று வந்தால் நிம்மதி. சர்க்கரை என்று தெரிந்தால் பி-2, கேட்டகரி டவுன், அதாவது உடல் தகுதியில் ஒரு படி இறக்கம். பிரமோஷன் கேடருக்குப் பெயர் போகுமா, நல்ல போஸ்டிங் கிடைக்குமா, சர்வீஸ் நீட்டிப்பு வருமா, எல்லாம் அந்த ஒரு எழுத்தில் தொங்கும். அதனால் டெஸ்ட் என்றாலே மாட்டிக்கொள்ளாமல் தப்பிப்பது எப்படி என்றுதான் ஆட்கள் யோசித்தார்கள்.

நான் சேர்ந்த புதிதில் எம்.ஐ. ரூமில் சர்க்கரையைப் பெனடிக்ட் கரைசலில்தான் பார்ப்போம். நீலக் கரைசல் 5 மில்லி, அதில் 8 சொட்டு மூத்திரம், கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று ஏற ஏறச் சர்க்கரை அதிகம். மெடிக்கலுக்கு முந்தின நாள் முழுக்கப் பட்டினி கிடந்து வருவார்கள். பக்கத்துக் கட்டில் பையனின் மூத்திரத்தைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தவரும் உண்டு. இரண்டு பேருடையதும் ஒரே மாதிரி ஆரஞ்சாக மாறி இரண்டு பேரும் சேர்ந்து மாட்டிக்கொண்ட கதையை இப்போது சொன்னாலும் சிரிப்பார்கள். இருபது, இருபத்தைந்து வருஷம் டெஸ்டைக் கண்டு ஒளிந்தவனுக்கு, பென்ஷன் வந்த மறுநாளே டெஸ்ட் நண்பனாகிவிடாது. இப்போது கேட்டகரி டவுன் பண்ண யாரும் இல்லை. பென்ஷனில் ஒரு ரூபாய் குறையாது. இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆனாலும் ஏ1சி எடுக்கப் போகிற வாரம் களியைப் பாதியாகக் குறைத்துக்கொள்வார்கள். மூணு மாசக் கணக்கை ஒரு வாரப் பட்டினியால் ஏமாற்ற முடியாது, சுபேதார் சாப்!

களி என்றதும் ஞாபகம் வருகிறது. கேழ்வரகு தின்கிறவனுக்குச் சர்க்கரை வராது என்பது எங்கள் ஜில்லாவின் மூடநம்பிக்கை. கேழ்வரகு நல்ல தானியம்தான், பாலிஷ் அரிசிக்கு அது மேல். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். தலை அளவு உருண்டையில் இரண்டை உள்ளே தள்ளிவிட்டுக் கொள்ளுக் கடைசலைக் காரணம் காட்ட முடியாது. ஜூனில் வருகிற ஏ1சியைப் பற்றி நான் பேசவே மாட்டேன். மாங்கனிக் கண்காட்சி நடத்துகிற ஊர்க்காரனிடம் மல்கோவா சீசனில் போய் என்ன பேசுவது?

கண்ணுக்கு வருகிறேன். சர்க்கரையால் கண்ணின் உள்திரையில் ரத்தக் குழாய் கசிய ஆரம்பிப்பது ஆரம்பத்தில் நமக்குத் தெரியாது. பேப்பர் நன்றாகப் படிக்க முடியும், பஸ் போர்டு தெரியும். தெரியாமல் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும். முன்னாலேயே பிடித்தால் லேசரோ ஊசியோ போட்டு நிறுத்திவைக்கலாம். இதற்கு பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கி, பட்டியலில் உள்ள கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்கு எங்கள் ஆட்கள் போகாததற்குக் காரணம் எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும், வண்டி ஓட்டக் கூடாது. டிவிஎஸ் எக்ஸ்எல்தான் இந்த ஜில்லாவில் வயசானவர்களின் கால். தனியாக வண்டியில் வந்தவர் “திரும்பிப் போக முடியாதே” என்று சொட்டு மருந்தே வேண்டாம் என்கிறார். நர்சும் “அப்போ அடுத்த தடவை பாத்துக்கலாம் தாத்தா” என்று விட்டுவிடுகிறார். இதில் யாரைக் குற்றம் சொல்வது? கூட்டிப்போக ஒரு பேரன் இருந்தால் தீர்கிற விஷயம். பேரன் பெங்களூரில் இருக்கிறான்.

கிட்னி விஷயத்தில் எங்கள் பக்கத்துக்கென்று கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்னால் அந்தப் போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பல்லில் பழுப்புக் கறை அதற்குச் சாட்சி, நிறையப் பேருக்கு மூட்டும் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. அதோடு பட்டாளத்தில் ஏறி இறங்கின மலைகள் வேறு. வலிக்கு என்ன செய்கிறார்கள்? மெடிக்கல் ஷாப்பில் “மூட்டு வலிக்கு ஒரு செட்” என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அதில் டைக்ளோஃபெனாக் மாதிரி ஒன்று கட்டாயம் இருக்கும். சர்க்கரைக்காரன் கிட்னிக்கு அது ஆகவே ஆகாது. சிறுநீரில் அல்புமின் எட்டிப் பார்க்கும்போது வலி இல்லை, வீக்கம் இல்லை, மூத்திரம் வழக்கம்போலப் போகும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்புமின் என்கிற கோட்டைத் தாண்டியதும் தெரிந்துகொண்டால் பிரஷர் மருந்தை மாற்றி, வலி மாத்திரையை நிறுத்தி, வருஷக்கணக்கில் தள்ளிப்போடலாம். தெரியாமல் விட்டால் டயாலிசிஸ் கட்டிலில் தெரியும். ஒரு பாட்டில் மூத்திரம் கொடுப்பதுதான் வேலை. இந்தத் தடவை சொந்த மூத்திரம்.

கார்டில் மனைவி பெயரும் இருக்கிறது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்? கணவர் மருந்தை வாங்க அந்த அம்மாதான் வரிசையில் நிற்பார். அந்த அம்மாவுக்கு என்றைக்கு டெஸ்ட் எடுத்தது என்று கேட்டால் “எனக்கென்ன தம்பி, நான் நல்லாத்தான இருக்கேன்” என்பார். புருஷன் எல்லையில் இருந்த வருஷங்களில் மாடு, கழனி, பிள்ளைகள், மாமியார் என்று எல்லாவற்றையும் இழுத்தவர்கள். உடம்பைப் பற்றிப் பேசும் வழக்கமே இல்லை. கணவர் போன பிறகு குடும்ப பென்ஷனும் கார்டும் தொடரும் என்றாலும், பாலிகிளினிக் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். பஸ்ஸில் தனியாக யார் வருவது?

பெங்களூரில் நர்சாக இருக்கும் என் மகள் ஒரு நாள் அமெரிக்கக் கட்டுரை ஒன்றைப் படித்துச் சொன்னாள். அங்கே வி.ஏ. என்று முன்னாள் ராணுவத்தினருக்காகவே ஆஸ்பத்திரிகள் நடத்துகிற துறை இருக்கிறது. அங்கே வருகிறவர்களிலும் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்குச் சர்க்கரை. வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்ச் என்கிற செடிகொல்லி மருந்து தெளித்த இடங்களில் இருந்தவருக்குச் சர்க்கரை வந்தால், அதைப் போர் தந்த நோயாகவே கணக்கில் எடுத்து 2001 முதல் உதவித்தொகை தருகிறார்கள். 2004இல் வந்த ஓர் ஆய்வு, வி.ஏ.வில் பார்த்துக்கொண்டவர்களையும் தனியார் காப்பீட்டு அமைப்புகளில் பார்த்துக்கொண்டவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வருஷக் கண் பரிசோதனை வி.ஏ.வில் 100க்கு 91 பேருக்கு நடந்திருந்தது, தனியாரில் 75 பேருக்கு. ஏ1சி 93, அந்தப் பக்கம் 83.

அரசாங்க ஆஸ்பத்திரி ஜெயித்திருக்கிறதே என்று எனக்கு ஒரு சந்தோஷம். காரணங்கள் பல இருக்கும். மகள் சொன்னதில் ஒன்று என் மண்டையில் ஏறியது: அங்கே நோயாளியின் பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்தால் ‘இவருக்குக் கண் பார்க்கவில்லை, கால் பார்க்கவில்லை’ என்று அதுவே டாக்டருக்கு ஞாபகப்படுத்துமாம். ஆக அங்கே யாரோ ஒருவர் ஃபால்-இன், அதாவது வரிசைக்கு வா என்று கூப்பிடுகிறார். எங்கள் ஆட்கள் உத்தரவு போட்டால் செய்கிற ஆட்கள். “விருப்பம் இருந்தால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்” என்பது அவர்கள் காதில் உத்தரவாக விழாது. திட்டத்தில் எல்லாமே இருக்கிறது, கூப்பிடுகிற குரல்தான் இல்லை.

அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். நவம்பரில் எங்கள் ஆட்களில் நிறையப் பேர் லைஃப் சர்டிபிகேட் கொடுப்பார்கள். ஸ்பர்ஷ் என்கிற ஆன்லைன் பென்ஷன் முறை வந்த பிறகு கைரேகையோ முகமோ காட்டிச் செய்ய வேண்டியிருக்கிறது. செல்போன் தெரியாதவர்கள் என்னிடம் வருவார்கள். அந்த மாதத்தை யாரும் மறக்க மாட்டார்கள், மறந்தால் பென்ஷன் நிற்கும். 14ஆம் தேதி உலக நீரிழிவு தினம் என்பதும் வசதியாகப் போயிற்று. உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “செருப்பைக் கழட்டுங்க ணா.” திண்ணையிலேயே உட்கார வைத்து இழையால் தொட்டுப் பார்த்துவிடுவேன். உணர்ச்சி இல்லாத இடம் இருந்தால் ஒரு தாளில் பாதம் வரைந்து, அந்த இடத்தில் பெருக்கல் குறி போட்டு, “இதை அப்படியே டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று கையில் கொடுத்துவிடுவேன். அந்தத் தாள் இருந்தால் அவர்களே காலை நீட்டுகிறார்கள். பேப்பரில் எழுத்தாக இருந்தால் பட்டாளத்துக்காரனுக்கு அது உத்தரவு.

வயசானவர்களுக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். எழுபத்தைந்து வயதுக்காரர் ஏ1சியை 6க்குக் கொண்டுவர வேண்டும் என்று மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். இதயக் கோளாறு, மறதி, தனியாக வாழ்வது என்று இருப்பவருக்கு 8ஐ ஒட்டி இருந்தாலே போதும் என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. கிளிமிபிரைடைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தோப்புக்குப் போய், சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவரை, மிலிட்டரி கேன்டீன் சரக்கு அடித்த போதை என்று ஊரார் நினைத்து அப்படியே விட்டுப்போன கதை இங்கே உண்டு. கேன்டீன் சரக்கும் சில சமயம் சேர்ந்துதான் இருக்கும், அது வேறு.

பென்ஷன் இல்லாமல் சில வருஷ சர்வீஸோடு வந்துவிட்டவர்களுக்குப் பொதுவாக ஈசிஎச்எஸ் கிடையாது. அவர்கள் வீட்டுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வருகிறது. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்ததே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். தன்னார்வலராக வருகிற பெண்கள் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வாசலுக்கு வருகிற அந்தப் பெண் கேட்டால் கிழவர்கள் மறுப்பதில்லை. பாலிகிளினிக் வராந்தாவில் கிடைக்காத மரியாதை அந்தப் பெண்ணின் நோட்டுக்குக் கிடைக்கிறது. கார்டு வைத்திருக்கிற எங்களுக்கும் அப்படி ஒருத்தி நோட்டோடு வந்தால் தேவலை என்று முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். பார்ப்போம் என்றார்கள்.

இந்த நவம்பருக்கு வருகிறவர்கள் கவனிக்க. ஏ1சிக்கும் சிறுநீருக்கும் வெறும் வயிறு வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வரலாம். போன வருஷ ரிப்போர்ட், கார்டு, தின்கிற எல்லா மாத்திரை அட்டையும் பையில் இருக்கட்டும், வலி மாத்திரை அட்டையை ஒளிக்காமல். வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க, அவங்க பெயரும் கார்டில் இருக்கு. கண்ணுக்கு ரெஃபரல் வாங்கினவர்கள் ஒரே நாளாகப் போட்டுக்கொள்ளுங்கள், பாரூரிலிருந்து ஒரு வண்டி பேசியிருக்கிறோம், பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். டிவிஎஸ் எக்ஸ்எல் வீட்டிலேயே நிற்கட்டும்.